முதல் ஜாடிக்கு எந்தப் பழம்? சிங்கப்பூர் வெக்கையில் வீட்டு ஒயின்

சிங்கப்பூரில் வீட்டிலேயே ஒயின் போடலாம் என்று சொன்னால் இன்னும் பலர் நம்புவதில்லை. தாராளமாகப் போடலாம். 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். குடியிருக்கும் வீட்டில், சொந்த உபயோகத்துக்காக மட்டும் போட வேண்டும், விற்கக் கூடாது. ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர்தான் வரம்பு. காய்ச்சி வடிக்கும் வேலை எதுவும் கூடாது. இதற்குள் நின்றால் சுங்கத்துறையிடம் உரிமம் வாங்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் நிலைமை வேறு. அங்கே வீட்டு ஒயினுக்கும் மதுவிலக்கு, கலால் சட்டங்கள் குறுக்கே வரும். கேரளக் கலால் துறை 2019 கிறிஸ்துமஸ் நேரத்தில் வெளிப்படையாகவே எச்சரித்தது. ஆகவே கீழே நான் சொல்வதெல்லாம் சிங்கப்பூர் அடுக்குமாடி வீட்டுச் சமையலறைக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடை ஒயின் இங்கே ஏன் இவ்வளவு விலை என்பதற்குக் கணக்கு எளிது. அதில் உள்ள சுத்த ஆல்கஹாலுக்கு லிட்டருக்கு 88 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) தீர்வை. 13 விழுக்காடு உள்ள 750 மில்லி போத்தல் ஒன்றுக்கு எட்டரை வெள்ளி தீர்வையாகவே போய்விடும். பொருள், சேவை வரி அதற்கு மேல். ஆனால் காசு மிச்சம் என்பதற்காக மட்டும் நான் ஜாடியை எடுக்கவில்லை. நம்மைச் சுற்றி இத்தனை வகைப் பழம் விளைகிறது. அவற்றிலிருந்து, நம் சாப்பாட்டோடு சேர்கிற ஒரு பானம் நம் கையால் வர வேண்டும் என்று ஆசை.

போன மாதம் ஈசூனில் இருக்கும் நண்பர் கூப்பிட்டார். "தேக்கா சந்தையில் ஒரு பெட்டி பங்கனப்பள்ளி வாங்கிவிட்டேன், ஒயின் எப்படிப் போடுவது?" என்றார். அந்த மாம்பழத்தைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள், நாளைக்கு மூன்று அன்னாசி வாங்கி வாருங்கள் என்றேன். அவருக்கு ஏமாற்றம்தான். அன்றைக்குத் தொலைபேசியில் முழுதாகச் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் வெக்கை

எந்தப் பழம் என்று கேட்பதற்கு முன்னால் எந்தச் சூட்டில் என்று கேட்க வேண்டும். ஐரோப்பாவில் எழுதப்பட்ட குறிப்புகளில் அறை வெப்பம் என்றால் 18, 20 டிகிரி. நம் வீட்டு அறை 29, 30. ஈஸ்ட் வேலை செய்யும்போது அதுவே சூட்டைக் கிளப்பும் என்பதால் ஜாடிக்குள் இன்னும் இரண்டு மூன்று டிகிரி கூடும். அந்தச் சூட்டில் ஈஸ்ட் வெறிபிடித்த மாதிரி ஓடும். மூன்றே நாளில் சர்க்கரையைத் தின்று முடித்துவிடும். பொங்கிக் கிளம்பும் கரியமில வாயு பழத்தின் வாசத்தை வாரிக்கொண்டு போகும். கூடவே தொண்டையைச் சுடுகிற கனமான ஆல்கஹால்களும் உருவாகும். வீட்டு ஒயின் என்றாலே "பெயிண்ட் கலக்குகிற திரவம் மாதிரி நெடி" என்று சொல்பவர்கள் குடித்தது இப்படிச் சூட்டில் ஓடிய ஒயினைத்தான்.

இன்னொன்றும் உண்டு. நமக்கு நிலவறை கிடையாது. 30 டிகிரியில் போத்தலை வைத்தால் ஒயின் மளமளவென்று வயதாகும், பழுப்பேறும். ஆகவே இரண்டு வருஷம் காத்திருந்தால்தான் நன்றாக வரும் என்கிற பழம் நமக்கு உதவாது. மூன்று நான்கு மாதத்தில் குடிக்கத் தகுந்ததாகவும், வாசம் கொஞ்சம் போனாலும் தாங்கக்கூடியதாகவும், போதுமான புளிப்பு உள்ளதாகவும் இருக்க வேண்டும். புளிப்பு குறைந்த பழத்தில் கெடுக்கும் கிருமிகள் சீக்கிரம் இடம் பிடிக்கும், சுவையும் சப்பென்று போகும். நான் பழங்களை எடைபோடுவது இந்த மூன்றையும் வைத்துத்தான்.

திராட்சை

ஒயின் என்றால் திராட்சை, அதனால் எல்லோருடைய கையும் முதலில் அங்கேதான் போகிறது. இங்கே கடையில் கிடைப்பது சாப்பிடுவதற்கென்று வளர்த்த திராட்சை. பெரிய மணி, மெல்லிய தோல், நிறைய இனிப்பு, குறைந்த புளிப்பு. ஒயினுக்கு உடல், அதாவது வாயில் உணரும் கனம், கொடுக்கும் துவர்ப்பு தோலிலும் விதையிலும்தான் இருக்கிறது. விதையில்லாத் திராட்சையில் அதில் பாதி முதலிலேயே இல்லை. 5 லிட்டர் ஒயினுக்கு ஏழெட்டுக் கிலோ திராட்சை வேண்டும். அந்தச் செலவுக்கு வருவது நிறம் மங்கிய, தண்ணீர் மாதிரியான ஒன்று.

வெப்ப நாட்டில் திராட்சை ஒயினே முடியாது என்று நான் சொல்லவில்லை. பாலியில் ஹாட்டன் நிறுவனம் 1994 முதல் செய்துவருகிறது. அவர்களுடைய இளஞ்சிவப்பு ரோஸே ஒயினுக்கு எடுக்கும் அல்ஃபோன்ஸ் லவாலேயும் சாப்பிடுகிற திராட்சைதான். அங்கே கொடிக்குக் குளிர்காலத் தூக்கமே கிடையாது. கவாத்து செய்தால் உடனே துளிர்த்து, ஒரே ஆண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட அறுவடை தரும். பந்தல் போட்டு நிழல் கொடுத்து, பறித்ததும் குளிர வைத்து, சூட்டைக் கட்டுப்படுத்தும் எஃகுத் தொட்டியில் புளிக்க வைக்கிறார்கள். தாய்லாந்தில் காவ் யாய், ஹுவா ஹின் பக்கமும் நல்ல தோட்டங்கள் உண்டு. வெப்ப மண்டலத் திராட்சை ஒயின் வேண்டுமென்றால் அவர்களுடைய போத்தலை வாங்கிக் குடியுங்கள். அந்த உழவும் அந்தக் குளிர்சாதனமும் நம் சமையலறையில் இல்லை.

ஒரே ஒரு விதிவிலக்கு, எங்கள் பக்கத்து வீட்டுச் சேச்சி போடும் கிறிஸ்துமஸ் ஒயின். கறுப்புத் திராட்சை, அதற்குச் சமமாகச் சர்க்கரை, கிராம்பு, பட்டை, ஒரு பிடி கோதுமை, கொஞ்சம் ஈஸ்ட். பீங்கான் பரணியில் துணி கட்டி, தினமும் மரக்கரண்டியால் கிளறி, 21 நாள். சர்க்கரை அவ்வளவு இருப்பதால் ஈஸ்ட் பாதி வழியிலேயே களைத்து நின்றுவிடும், மிச்ச இனிப்பு அப்படியே தங்கிவிடும். சூட்டில் வந்த கரகரப்பை அந்த இனிப்பும் கிராம்பும் மூடிவிடும். நம் தட்பவெப்பத்தைப் புரிந்துகொண்டு பல தலைமுறையாக உருவான முறை அது. ப்ளம் கேக்கோடு ஒரு சின்னக் கோப்பை கிடைத்தால் எனக்கு டிசம்பர் நிறைந்துவிடும். ஆனால் சோறு, குழம்போடு வைத்துக் குடிக்க அது வராது, அத்தனை இனிப்பு.

மாம்பழம்

நான் முதன்முதலில் போட்டது மாம்பழ ஒயின்தான், அதனால் இதைப் பட்டுச் சொல்கிறேன். மாம்பழச் சதையில் பெக்டின் என்கிற பசைப்பொருள் நிறைய, நாரும் நிறைய. பெக்டினை உடைக்கும் நொதியைப் போடாமல் விட்டால் மாதக்கணக்கில் கலங்கியே நிற்கும். போட்டாலும் அடியில் வண்டல் தடிமனாகப் படியும். 5 லிட்டர் என்று ஆரம்பித்தேன். இரண்டு தடவை தெளிவை இறுத்த பிறகு கையில் இருந்தது மூன்றரை லிட்டருக்கும் குறைவு.

அதைவிடப் பெரிய சிக்கல் வாசம். மாம்பழ மணத்தில் பெரும்பங்கு டெர்பீன் வகைச் சேர்மங்கள். பழத்தில் இனிப்போடு சேர்ந்திருக்கும்போது அவை மணக்கும். சர்க்கரை முழுக்க ஆல்கஹாலாக மாறிய பிறகு தனித்து நின்று, மாங்காயைக் காம்போடு ஒடித்தால் வடிகிற பாலின் நெடியைக் கொடுக்கும். என் முதல் ஜாடியைத் திறந்தபோது வீடு முழுக்க அந்தப் பால்வாடைதான். பத்து மாதம் குளிர்பெட்டியில் வைத்த பிறகு அடங்கியது, கடைசியில் சுவையாகவும் இருந்தது. ஆனால் முதன்முதலாகப் போடுகிறவர் பத்து மாதம் பொறுப்பாரா? எதற்கு இந்த வேலை என்று ஜாடியைப் பரண்மேல் ஏற்றிவிடுவார். மாம்பழத்தை இரண்டாம் வருஷத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒயினுக்கென்று ஒரு குளிர்பெட்டி வாங்கிய பிறகு, நார் குறைந்த ரகமாகப் பார்த்துப் போடுங்கள்.

அன்னாசி

என் தேர்வு இதுதான். ஈசூன் நண்பருக்கு இன்னொரு காரணமும் சொன்னேன். அவருடைய பேட்டையின் பெயரே லிம் நீ சூனிடமிருந்து வந்தது. ரப்பரும் அன்னாசியும் பயிரிட்டு, அன்னாசி அரசர் என்று பெயர் வாங்கிய மனிதர். இன்று நம் சந்தைக்குப் பழம் பெரும்பாலும் எல்லைக்கு அப்பாலிருந்து வருகிறது. ஜொகூர்தான் மலேசியாவின் பெரிய அன்னாசி மாநிலம்.

அன்னாசியில் புளிப்பு இயற்கையாகவே இருக்கிறது, பெரும்பகுதி சிட்ரிக் அமிலம். பெக்டின் குறைவு, அதனால் சீக்கிரம் தெளியும். வாசம் அத்தனை தூக்கலானது என்பதால் சூட்டில் கொஞ்சம் போனாலும் மிச்சம் நிற்கும். மூன்றாம் மாதமே குடிக்கலாம். வருஷம் முழுக்கக் கிடைக்கும், விலையும் கையைக் கடிக்காது. எம்டி2 ரகம் இனிப்பு கூடுதல், புளிப்பு குறைவு. அதை மட்டும் போட்டால் ஒயின் கொஞ்சம் சோம்பலாக இருக்கும். இரண்டு எம்டி2 வாங்கினால் கூடவே புளிப்பான மோரிஸ் ரகத்தில் ஒன்று சேர்ப்பேன்.

5 லிட்டருக்கு அளவு இப்படி: தோலும் கண்ணும் நீக்கிய சதை 3 கிலோ. பொடியாக நறுக்கிப் பிசைந்து, காய்ச்சி ஆறிய தண்ணீரால் 5 லிட்டர் ஆக்க வேண்டும். பழத்திலேயே ஏறக்குறைய 400 கிராம் சர்க்கரை இருக்கும், மேலே சுமார் 700 கிராம் சேர்க்கலாம். திரவத்தின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டர் ஒன்று கட்டாயம் வாங்குங்கள். ஆரம்பத்தில் 1.085 காட்டினால் போதும். முடியும்போது 0.995-க்கு இறங்கும், 12 விழுக்காட்டை ஒட்டி ஆல்கஹால் வரும். அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம், காரணத்தைப் பிறகு சொல்கிறேன். பெக்டின் நொதி அரைத் தேக்கரண்டி போட்டு அரை நாள் விட்டு, அப்புறம் ஈஸ்ட். ஐந்தாறு நாளில் சக்கையைத் துணியில் வடித்து, காற்றுப்பூட்டு (வாயுவை வெளியே விடும், காற்றை உள்ளே விடாத மூடி) மாட்டிய கண்ணாடி ஜாடிக்கு மாற்ற வேண்டும். மூன்று வாரம் கழித்து வண்டலை விட்டுத் தெளிவை இறுக்க வேண்டும், மாதம் ஒன்று போனதும் இன்னொரு தடவை. பானை சட்டி, குழாய், கரண்டி என்று ஒயினைத் தொடும் எல்லாவற்றையும் கிருமி நீக்கும் மெட்டாபைசல்பைட் கரைசலில் அலசுங்கள். பழ ஈ ஒன்று உள்ளே போனால் போதும், வினிகர் ஆக்கும் பாக்டீரியா கூடவே போய்விடும். நம் ஊரில் பழ ஈக்கு விடுமுறை நாளே கிடையாது.

தோல் சீவ நேரமில்லாதவர்களுக்கு ஒரு குறுக்கு வழி: நூறு விழுக்காடு அன்னாசிச் சாறு என்று அட்டைப்பெட்டியில் விற்பதை வாங்கலாம். பெட்டியின் பின்பக்கம் படித்துப் பாருங்கள். சார்பேட், பென்சோயேட் என்று இருந்தால் வேண்டாம், ஈஸ்டை வளரவிடாது. வெறும் சாறாக இருந்தால் சுத்தமான ஒயின் வரும். புதுப்பழத்தின் துடிப்பு இருக்காது, ஆனால் மாம்பழத்தோடு போராடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

சிவப்பு வேண்டும் என்பவர்களுக்கு ரோசெல்

ரோசெல் என்பது நம் புளிச்சக்கீரை இனத்துச் செடி. பூ உதிர்ந்த பிறகு காயைச் சுற்றித் தடிக்கும் சிவந்த புல்லிவட்டத்தைக் காயவைத்து விற்கிறார்கள், மருந்துக் கடைகளிலும் தாய்லாந்து மளிகைக் கடைகளிலும் கிடைக்கும். 5 லிட்டருக்கு 60 கிராம் போதும், கொதிநீரில் ஊறவைத்து வடித்துவிடலாம். நிறம் மாணிக்கம் மாதிரி. புளிப்பும் லேசான துவர்ப்பும் சேர்ந்து, சிவப்பு ஒயின் குடிக்கிறோம் என்கிற உணர்வை வேறெந்த உள்ளூர்ப் பொருளையும்விட அதிகமாகக் கொடுக்கும். வண்டலும் குறைவு.

குறை என்றால், இதில் இனிப்பு கிடையாது, ஈஸ்டுக்கு வேண்டிய ஊட்டமும் கிடையாது. ஆக, சர்க்கரை 1.1 கிலோ முழுவதையும் நீங்களே போட வேண்டும், ஈஸ்ட் ஊட்டச்சத்துப் பொடியும் சேர்க்க வேண்டும். ஊட்டம் போதாவிட்டால் ஈஸ்ட் திணறி அழுகிய முட்டை வாசத்தைக் கிளப்பும். பழம் தருகிற உடலும் இல்லாததால் கொஞ்சம் மெலிந்த ஒயின்தான். நான் ஒரு கைப்பிடி உலர்திராட்சையை நறுக்கிப் போடுவேன், அது ஓரளவு ஈடுகட்டும். அன்னாசிக்கு அடுத்த இடம் இதற்குத்தான். சிவப்பு மட்டுமே குடிப்பேன் என்பவர் இதிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

மற்றவை பற்றிச் சுருக்கமாக. ரம்புத்தான் உரிக்க உரிக்கக் கை வலிக்கும், வருவது மெல்லிய சுவை. வாழைப்பழம் தனியாக வேண்டாம், மற்ற ஒயினுக்கு உடல் கூட்ட ஒன்றிரண்டு போடலாம். டுரியானின் கந்தக வாசம் புளித்த பிறகும் முழுதாகப் போகாது. கள்ளைப் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். இங்கே ஒரு காலத்தில் நம்மவர்களுக்கென்று உரிமம் பெற்ற கள்ளுக்கடைகளே இருந்தன. ஆனால் பாளையில் கலயம் தொங்கும்போதே சாறு தானாகப் புளிக்கத் தொடங்கிவிடும், மறுநாளே காடியின் பக்கம் சாயும். மரத்தடியில் குடிக்க வேண்டியதை அடுக்குமாடியில் போத்தலில் அடைக்க முடியாது.

ஈஸ்டும் குளிர்ச்சியும்

ரொட்டி ஈஸ்ட் வேண்டாம். வேலை செய்யும், ஆனால் ரொட்டி வாசம் தங்கும், அடியில் இறுகப் படியாது. லால்வின் என்ற பெயரில் வரும் ஒயின் ஈஸ்ட் பொட்டலங்களில் மூன்றுதான் நமக்குப் பொருந்தும். கே1-வி1116 35 டிகிரி வரை தாங்கும். குளிர்விக்க எந்த வசதியும் இல்லாத வீட்டுக்கு இதுவே பாதுகாப்பு. இசி-1118 எந்த நிலையிலும் முடித்துக் கொடுக்கும், ஆனால் பழத்தின் குணத்தைக் கொஞ்சம் மழுக்கிவிடும். 71பி பழ வாசத்தைத் தூக்கிக் காட்டும், 30 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. அன்னாசியை 25 டிகிரியில் வைக்க முடிந்தால் 71பி, முடியாவிட்டால் கே1.

குளிர்விப்பதற்கு ஈரத்துணி சுற்றி மின்விசிறி வைக்கச் சொல்லும் குறிப்புகளை நம்பாதீர்கள். அது வறண்ட ஊருக்கான யோசனை. இங்கே காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்குப் பக்கம், துணி காயவே காயாது, காயாவிட்டால் குளிராது. குளிர்சாதன அறையில் வைப்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. இரவில் 24, பகலில் 31 என்று ஏறி இறங்குவது ஈஸ்டுக்குச் சீரான சூட்டைவிடக் கெடுதல். துணி ஊறவைக்கும் பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் ஜாடியைப் பாதி அளவு தண்ணீரில் நிறுத்துங்கள். உறைய வைத்த ஒன்றரை லிட்டர் தண்ணீர்ப் போத்தல் இரண்டைக் காலையும் மாலையும் மாற்றி மாற்றிப் போடுங்கள். 24, 25-ல் நிற்கும். முதல் ஆறு நாள்தான் இந்தப் பாடு, கொதிப்பு அடங்கிய பிறகு தேவையில்லை. இந்தப் பழக்கம் நமக்கு ஒட்டிக்கொண்டது என்று தெரிந்த பிறகு, பழைய சின்ன ஒயின் குளிர்பெட்டி ஒன்றை இரண்டாம் கையாக வாங்கலாம்.

மெத்தனால் பயத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழத்தின் பெக்டினிலிருந்து மிகச் சிறிதளவு மெத்தனால் எந்தப் பழ ஒயினிலும் வரும், கடை ஒயினிலும் இருக்கிறது. செய்திகளில் வரும் கொடுமையான சாவுகள் தொழிற்சாலை மெத்தனாலைக் கலந்த சரக்கால் வருபவை. வீட்டு ஒயினில் உண்மையான ஆபத்து போத்தல் வெடிப்பது. சர்க்கரை மீதம் இருக்கும்போது இறுக மூடினால் உள்ளே வாயு சேர்ந்து கண்ணாடி சிதறும். ஹைட்ரோமீட்டர் ஒரு வாரம் முழுக்க ஒரே எண்ணைக் காட்டிய பிறகே போத்தலில் அடையுங்கள். இனிப்புச் சேர்ப்பதாக இருந்தால், ஈஸ்ட் மறுபடி கிளம்பாமல் இருக்கப் பொட்டாசியம் சார்பேட்டும் மெட்டாபைசல்பைட்டும் போட்ட பிறகுதான்.

குடிக்கும்போது

12 விழுக்காட்டோடு நிறுத்தச் சொன்னேன் அல்லவா? மிளகாயின் எரிச்சலை ஆல்கஹால் தூண்டிவிடும். 14, 15 விழுக்காட்டு ஒயினோடு மீன் தலைக்கறி சாப்பிட்டால் நாக்கு இரண்டு மடங்கு எரியும். துவர்ப்பும் அப்படியே. கொஞ்சம் இனிப்பும் நல்ல புளிப்பும் குளிர்ச்சியும் அந்த எரிச்சலைத் தணிக்கும். மேலே சொன்னபடி பாதுகாத்து, லிட்டருக்கு 15 கிராம் அளவில் சர்க்கரை சேர்த்து, 8 டிகிரிக்குக் குளிர வைத்த அன்னாசி ஒயினை மீன் தலைக்கறியோடு குடித்துப் பாருங்கள். புளிக்குழம்புக்கு எதிரே நிற்கத் தெம்புள்ள ஒயின் அது. ரோசெல்லை அரை மணி நேரம் மட்டும் குளிர்பெட்டியில் வைத்து ஆட்டுச் சுக்காவோடு எடுப்பேன். சேச்சியின் ஒயின் சாப்பாடு முடிந்த பிறகு.

ஜூலை மாதம் மூன்று அன்னாசி வாங்கிச் சீவினால் தீபாவளிக்கு ஐந்து போத்தல் தெளிந்து நிற்கும். ஈசூன் நண்பர் போன சனிக்கிழமை காற்றுப்பூட்டு மாட்டிவிட்டார். குமிழி வருகிற சத்தம் கேட்கிறதா என்று தொலைபேசியை ஜாடிக்குப் பக்கத்தில் பிடித்துக் காட்டினார். கேட்டது.